கேட்டால்தான் சேர்ப்போம்

என் கணவர் கிளாரன்ஸ் பாஸ்கோ, எல்லோருக்கும் கிளாரி, எங்கள் வாலபின்னா ஊர் மேசன் சபைக்குப் பதினொரு முறை தலைவராக இருந்தவர். ஆண்கள் மட்டும் சேர்ந்து, ரகசியச் சடங்குகளோடு நடத்தும் சங்கம் அது. ரொம்பப் பெரிய ஆள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சபைச் சடங்கில் பேசவேண்டியதையெல்லாம் புத்தகம் பார்க்காமல் பேசவேண்டும். அதற்காக நாற்பது வருஷமாக அறுவடைக் காலத்தில்கூடக் கோழிக்கொட்டகையில் நின்று மனப்பாடம் செய்தார். நான் முட்டை எடுக்கப் போனால் சட்டென்று வாயை மூடிக்கொள்வார். கோழிகளுக்குத் தெரிந்த ரகசியம் கட்டிக்கொண்டவளுக்குத் தெரியக்கூடாதாம்!

சேவைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. செத்துப்போன உறுப்பினர்களின் மனைவிமாருக்கு விறகு வெட்டிப் போடுவார், அடிலெய்டு ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போவார், வேலி சரிசெய்து கொடுப்பார். எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் இரண்டு வருஷம் ஒழுகியது. "இந்த வாரம் மிசஸ் ஹாக்கிங் வீட்டுத் தண்ணித்தொட்டி இருக்கு, வெர்னா" என்பார். அந்தம்மாவுக்குப் புருஷன் இல்லை, சரி. எனக்கு இருந்து என்ன பிரயோஜனம்?

கடைசியில் குழாயைச் சரிசெய்தவர் பேசில் டிரென்கோவ். ஊருக்கே குழாய் வேலை பார்ப்பவர், கிளாரியோடு ஒரே வகுப்பில் படித்தவர். மேசன் மண்டபத்தின் கூரைத் தகரம், தண்ணீர்த் தொட்டி, சமையலறைச் சாக்கடை எல்லாவற்றையும் முப்பது வருஷமாகச் சும்மாவே பார்த்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் வாசலிலேயே நின்று டீ குடிப்பார், போய்விடுவார். கூட்டம் நடக்கும் அறைக்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை.

"அவரை ஏன் சேத்துக்கல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நாங்க யாரையும் கூப்பிடக் கூடாது. விருப்பம் இருந்தா அவனே வந்து கேக்கணும். அதான் விதி."

"அவருக்கு அது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அந்த மனுஷனுக்கு இதிலெல்லாம் விருப்பம் இல்லைபோல என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

சபையில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. போன மார்ச்சில் சரியாக ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேர் இல்லாமல் கூட்டத்தைத் திறக்க, அதாவது முறைப்படி தொடங்க, முடியாது. மூன்று கூட்டம் தொடர்ந்து திறக்காவிட்டால் சபை நடத்த அனுமதி தரும் சாசனத்தை அடிலெய்டிலுள்ள தலைமைச் சபையிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏப்ரலில் ரெக்ஸ் நான்கெர்விஸ் மாரடைப்பில் போய்விட்டார். ஆறு பேர். கிளாரிக்கு அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

ரெக்ஸ் அடக்கம் முடிந்து எல்லோரும் சாண்ட்விச் சாப்பிட்டுப் போனபிறகு, நானும் பேசிலும் மண்டபத்துச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம்.

"நல்ல மனுஷங்கதான் வெர்னா," என்றார் பேசில். "ஆனா முப்பது வருஷத்துல ஒருத்தராவது, 'நீயும் வாடா'ன்னு ஒரு வார்த்த கூப்பிடல. குழாய்க்காரன் எதுக்குன்னு நெனச்சிருப்பாங்க."

என் கையிலிருந்த கோப்பை தொட்டியில் விழுந்து காது உடைந்தது.

"கூப்பிடவே கூடாதுய்யா! நீங்கதான் கேக்கணும்! இத்தன வருஷம் வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"கேக்கணுமா?" மனுஷர் வெளிறிப்போனார். "கேக்குறது மரியாதையில்லன்னு நெனச்சேன்."

அப்படியே சோப்பு நுரைக் கையோடு அவரைக் கிளாரியிடம் இழுத்துக்கொண்டு போனேன். கிளாரி கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். பேசில் தொப்பியைக் கழற்றினார்.

"கிளாரி, நான் சபையில சேரலாமா?"

என் புருஷன் முகம் மலரும், ஓடிவந்து கட்டிப்பிடிப்பார் என்று பார்த்தேன். அவர் கார்மேல் சாய்ந்துகொண்டார்.

"உன்னச் சேக்க ஓட்டுப் போடணும்டா. ஓட்டுப் போடக் கூட்டத்தத் திறக்கணும். திறக்க ஏழு பேர் வேணும்."

"பக்கத்து ஊருக்காரங்கள ஒருநாள் வரச் சொல்லேன்!" என்று நான் கத்தினேன்.

"விருந்தாளிங்க அந்த ஏழு கணக்குல சேத்தி இல்ல, வெர்னா."

"போன மாசம் கேட்டிருந்தா?" என்றார் பேசில்.

"ஏழு பேர் இருந்தோம்."

இரண்டு பேர் மண்டையிலும் அங்கேயே ஒன்று போடலாம் போலிருந்தது. ஒருவர் விதி என்று வாயை மூடிக்கொண்டார், இன்னொருவர் மரியாதை என்று மூடிக்கொண்டார். எனக்கு எந்த விதியும் கிடையாது. நான் பேசிலிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரில் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்கிறவள் இதை மட்டும் கேட்கவில்லையே!

கிளாரி அந்த ஏழு பேர் விதியிலிருந்து விலக்குக் கேட்டுத் தலைமைச் சபைக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் 'வருந்துகிறோம்' என்றே பதில் வந்தது. ஜூலையில் சுவரில் மாட்டியிருந்த சாசனத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு அடிலெய்டு போனோம். கிளாரிக்குக் கண்புரை. பேசில்தான் வண்டி ஓட்டினார். வழியெல்லாம் இருவரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

அலுவலகத்தில் ஓர் இளம் அதிகாரி சாசனத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார். பிறகு பேசிலைப் பார்த்தார்.

"சாரும் உங்க சபையா?"

பேசில் இல்லை என்று தலையாட்ட ஆரம்பித்தார். நாற்பது வருஷத்தில் ஒரு விதியைக்கூட மீறாத என் புருஷன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆமா," என்றார். "எங்க ஏழாவது ஆளு."