கேட்டால் மட்டும் காட்டும் பைல்

அந்த மாமாவை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட மைத்துனர் முறை. அன்னூரில் போர்வெல் மோட்டார் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே மாடி அறையில் எங்கள் சாதிசனத்துக்கென்று ஒரு திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். யாரிடமும் காசு வாங்குவதில்லை, எல்லாம் சேவை. சேவை என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

பிடிக்காத ஆளிடம் எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். என் தங்கையின் ஜாதகம் அவர் கையில் இருந்தது, அதனால் போனேன். தங்கைக்கு முப்பத்துநாலு வயது. பிசியோதெரபி படித்துவிட்டுத் துடியலூரில் சொந்தமாக ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கிறாள். எட்டு வருடமாக வரன் பார்க்கிறோம். ஆறு இடம் வந்தது. ஆறு இடத்தாரும் கேசரி சாப்பிட்டார்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், "ஊட்டுக்குப் போயிச் சொல்லி உடறோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் சொல்லி விடவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அம்மா ராகு கேதுவைத் திட்டினாள், நான் பையன்களைத் திட்டினேன்.

ஏழாவதாகக் காரமடையிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பையனுக்குப் பாலிடெக்னிக்கில் வேலை. படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கை, "பரவால்லக்கா" என்றாள். அவள் வாயிலிருந்து பரவாயில்லை வருவதே பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. நடுவில் நின்று பேசுகிறவர் இந்த மாமாதான். அந்த வாரம் புதன்கிழமை அவரே கூப்பிட்டார்.

"ஏனம்மணி, நல்லாருக்கறயா? நம்ம வெப்சைட்டப் பாத்துட்டிருந்த பையன் வெளிநாடு போயிட்டானுங்க. இந்த மாச வரன் லிஸ்ட்டு ஏத்தாமக் கெடக்குது. நீ இந்த வேலதான பாக்கறே கண்ணு, ஒரு எட்டு வந்துட்டுப் போ. காரமடைக்காரங்க விசயமும் அப்படியே பேசிக்கலாம்."

கடைசி வாக்கியத்தை எவ்வளவு பதமாகச் சேர்த்தார் பாருங்கள். வீட்டிலிருந்தபடி சின்னக் கம்பெனிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. மறுநாள் காலை பதினோரு மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அன்னூர் போய்ச் சேர்ந்தேன்.

செய்ய வேண்டிய வேலை ஒன்றும் பெரிதில்லை. நம் கணினியிலிருந்து இணையதளம் குடியிருக்கும் சர்வருக்குப் பைல்களை அனுப்ப ஒரு எஃப்டிபி மென்பொருள் வேண்டும். அதைத் திறந்தால் திரை இரண்டு பாதியாக இருக்கும். இடது பாதி நம்முடையது, வலது பாதி அந்தப் பக்கத்து சர்வர். மேலே சர்வர் முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்டு, போர்ட் என்று நான்கு கட்டம். நான்கையும் சரியாக நிரப்பினால் வலது பாதி திறக்கும். அப்புறம் இங்கிருந்து அங்கே இழுத்துப் போட வேண்டியதுதான். பத்து நிமிட வேலை.

மாமா பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். மேலே பிள்ளையார் சுழி. நான்கு மூலையிலும் மஞ்சள். ஆயுத பூஜை அன்று கடையில் மோட்டாருக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வைத்த கையோடு பாஸ்வேர்டுக்கும் வைத்திருக்கிறார். அதன் கடைசி எழுத்தின் மேல் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் அப்பி, அது கல்லாகக் காய்ந்து கிடந்தது. கடவுளே என்று இருந்தது எனக்கு.

ஊகித்து அடித்தேன். லாகின் தவறு என்றது. இன்னொன்று அடித்தேன். அதுவும் தவறு. நகத்தால் சந்தனத்தைச் சுரண்டப் போனேன்.

"பாத்துங் கண்ணு, சாமி காயிதம்" என்று பதறினார்.

"சாமி பாஸ்வேர்டு கேக்கறதில்லீங்க மாமா, சர்வர்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டுச் சுரண்டினேன். அடியில் ஒன்பது இருந்தது.

உள்ளே போய்விட்டேன். ஆனால் வலது பாதி காலியாகவே நின்றது. இணைந்துவிட்டது, பட்டியல் மட்டும் வரவில்லை. மென்பொருளின் அமைப்புக்குள் போய் இணைப்பு முறையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"உன்ற தங்கச்சிக்கு வயசு எத்தன ஆச்சு?"

ஜாதகம் அவர் பீரோவில் இருக்கிறது. நாள், நேரம், நட்சத்திரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். இருந்தும் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"முப்பத்தி நாலுங்க."

"ச்சு" என்றார். அந்த ஒரு ச்சு போதும் எனக்கு. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பட்டியல் வந்தது. புது லிஸ்ட் போக வேண்டிய போல்டரைத் தேடும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. குறிப்பு என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த ஒரு பைல். அது கிடந்த இடம் ஊரே பார்க்கிற போல்டர். விலாசம் தெரிந்த எவரும் எங்கிருந்து வேண்டுமானாலும் திறக்கலாம். பாஸ்வேர்டு கிடையாது, ஒன்றும் கிடையாது.

"இது என்னுங்க மாமா?"

"அது நம்ம சொந்த உபயோகத்துக்கு கண்ணு. கல்யாண மண்டபத்துல யாராச்சும் கேட்டா, போன்ல டக்குனு பாத்துச் சொல்லோணுமல்லோ. அந்தப் பையன்தான் அப்படிப் போட்டுக் குடுத்தான். நானா யாருக்கும் காட்டறதில்ல, கேட்டா மட்டும்தான்."

திறந்தேன். இருநூறு பெண்களுக்கு மேல் இருப்பார்கள். வரிக்கு ஒருத்தி. பெயர், ஊர், நட்சத்திரம், அடுத்த கட்டத்தில் குறிப்பு, கடைசிக் கட்டத்தில் சொன்னவர்.

பல் தூக்கல். அம்மா வாய்க்காரி. பெங்களூரில் தனியாக இருந்த பெண், விசாரிக்கவும். உள்ளங்கால் தட்டை. செவ்வாய் உண்டு, இல்லை என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு ஜாஸ்தி என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. சொன்னவர் என்ற கட்டத்தில் பக்கத்து வீடு, சித்தி, கூட வேலை பார்ப்பவர், தையல்காரம்மா என்று வரிசையாக இருந்தது. சந்தைக்கு வந்த மாட்டுக்குக்கூட இந்த மாதிரி முதுகுக்குப் பின்னால் எழுத மாட்டார்கள், வாயைத் திறந்து எதிரேயே பல்லைப் பார்ப்பார்கள்.

பையன்கள் பைலையும் திறந்து பார்த்தேன். அதில் குறிப்பு என்ற கட்டமே இல்லை. படிப்பு, வேலை, தோட்டம் எத்தனை ஏக்கர், அதோடு சரி. த்தூ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். டீ சூடாக இருக்கிறதா என்று கேட்டார் மாமா.

அப்புறம் தங்கையின் பெயரைத் தேடினேன். இருந்தது. எங்கள் ஊர், அவள் நட்சத்திரம். குறிப்பு: வலிப்பு நோய், மறைக்கிறார்கள். சொன்னவர்: அக்கா.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளுக்கு அக்கா என்று இந்த உலகத்தில் இருப்பது நான் ஒருத்திதான்.

நான் அவரிடம் பேசியது உண்மைதான். ஆறு வருடத்துக்கு முன்னால், சொந்தக்காரர் ஒருவருடைய கல்யாணத்தில் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் இந்த மாமா என்னை நிறுத்தி, "ஒன்னும் மறைக்காமச் சொல்லு கண்ணு, நம்ம புள்ளைக்கு நல்ல எடமாப் பாக்கோணும். ஒடம்புக்கு ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார். சின்ன வயதில் காய்ச்சல் ஏறி இரண்டு தடவை வலிப்பு வந்தது, ஆறேழு வயதோடு நின்றுவிட்டது, அப்புறம் ஒரு மாத்திரைகூடக் கிடையாது என்று சொன்னேன். என் நேர்மை மேல் அப்போது எனக்குப் பெரிய மதிப்பு. நாளைக்குத் தெரிந்து பிரச்சினை ஆவதற்கு இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் தலையைத் தடவி, "அதெல்லாம் ஒரு விசயமா கண்ணு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு நேரே போய் நோட்டில் எழுதிவைத்திருக்கிறார், அதுவும் இந்த லட்சணத்தில்.

"மாமா, இதென்னுங்க இப்படி எழுதியிருக்குது? நான் இப்படியா சொன்னேன்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"நீதான சொன்னே கண்ணு? நானென்ன கையில இருந்து போட்டா எழுதிப்போட்டேன்? நாளைக்குக் காரமடைக்காரங்க கேட்டா நான் என்னுன்னு சொல்லட்டும்? பொய் சொல்லட்டுமாங்க?"

அந்தக் கடைசி 'ங்க'வில் தேன் வழிந்தது. மிரட்டுகிறார் என்று புரியக்கூட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இந்த இடத்தில் நான் லேப்டாப்பை மூடிவிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, அந்த ஒரு வரிய மட்டும் எடுத்தரலாமுங்களா?" என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"உனக்கில்லாததா கண்ணு? எடுத்துக்க. நோட்டுலயும் அடிச்சுப்போடறேன். லிஸ்ட்ட மட்டும் ஏத்திப்போட்டுப் போ."

பைலை என் பக்கம் இறக்கினேன். தங்கையின் வரியை அழித்தேன். மிச்சமிருந்த அத்தனை பெண்களையும் அப்படியே திரும்ப ஏற்றினேன். பழைய பைலின் மேல் எழுதட்டுமா என்று மென்பொருள் கேட்டது, சரி என்று அழுத்தினேன். வெற்றிகரமாக அனுப்பப்பட்டது என்றது. புது லிஸ்ட்டையும் ஏற்றினேன். சிரிப்பு ஜாஸ்தி என்ற பெண் அங்கேயேதான் இருந்தாள். கிளம்பும்போது மாமா ஒரு சீப்பு பூவன் பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

சத்தி ரோட்டில் வந்து சரவணம்பட்டியில் துடியலூருக்குத் திரும்பும் வரை என் கையை எங்காவது நிறுத்திக் கழுவ வேண்டும் போலவே இருந்தது. அதே நேரம், உள்ளுக்குள் ஒரு மூலையில், தங்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அவளிடம் சொல்ல வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தால் சரி என்று கணக்குப் போட்டுக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

கிளினிக்கில் கூட்டம் இல்லை. கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கை கழுவுகிற இடத்தில் நான் உளறியது, அவர் எழுதியது, சொன்னவர் அக்கா என்றிருந்தது, நான் அந்த வரியை எடுத்தது, எல்லாம். அவள் விரிப்பின் நான்கு முனையையும் இழுத்துச் செருகி முடித்தாள்.

"மத்த புள்ளைங்களோடத என்ன பண்ணுனே?"

மறுநாள் காலை நான் மறுபடி இணைந்து அந்தப் பைலை முழுதாகவே அழித்தேன் என்றால், அவள் இப்படிக் கேட்டதனால்தான். நானாக யோசித்து அல்ல.

"உனக்குக் கோவம் வரலியா?" என்றேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. மூணாவதா வந்தாங்கல்ல, பொள்ளாச்சிக்காரங்க? அந்தம்மாவே போன் பண்ணிக் கேட்டாங்க. உங்கக்காவே சொல்லியிருக்காங்களே கண்ணுன்னு."

மூன்றாவது இடம் வந்து ஐந்து வருடம் இருக்கும்.

"அப்ப காரமடைக்காரங்க? அவங்க காதுக்கு இது போயிட்டா?"

"அந்தக் காரமடைக்காரரோட நம்பர் ஜாதகத்துலயே இருந்துச்சு. போன வாரமே கூப்பிட்டு நானே சொல்லிப்போட்டேன். சின்ன வயசுல இப்படி இருந்துச்சு, இப்ப இல்ல, டாக்டர் சீட்டு வேணும்னா பாத்துக்குங்கன்னு. சரிங்க, ஞாயித்துக்கெழம வாரோமுங்கன்னார்."

நான் அங்கே கெஞ்சியது, அத்தனை பெண்களையும் என் கையாலேயே திரும்ப ஏற்றியது, எதற்கும் தேவையே இருக்கவில்லை. அவமானத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. அதையும் அவள் மேலேயே காட்டினேன்.

"ஏன்டி, அவருகூடப் பேசியிருக்கறே, எல்லாத்தையும் சொல்லியிருக்கறே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலியா உனக்கு?"

வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அடுத்த நோயாளி. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"உங்கிட்டச் சொல்றத நிறுத்தி அஞ்சு வருசம் ஆச்சுக்கா. நீ கவனிக்கவே இல்லியா?"