அக்கா பக்கம் திரும்பிய ஆம்ப்

என் அத்தான் பஸ் டிப்போ மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் கிரீஸ், ஞாயிற்றுக்கிழமை கிட்டார். நான் டிரம்ஸ், அதே டிப்போவின் டிக்கெட் பரிசோதகர் பேஸ் கிட்டார். தொழிற்சங்கக் கூடத்தில் மூன்று பேரும் அமெரிக்க நாட்டுப்புற பாணியான கன்ட்ரி பாட்டு வாசிப்போம். அந்தக் கூடத்தை இடித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அத்தானின் கிட்டார் சத்தம் மட்டும் இன்றும் என் காதில் இருக்கிறது.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சத்தம். துளி கரகரப்பு கூடாது. கம்பியைச் சுண்டினால் டொய்ங்கென்று துள்ளிவிட்டு உடனே அடங்க வேண்டும். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியில் வால்யூமைப் பாதியில் நிறுத்தி, கனத்த சத்தமான பேஸைக் குறைத்து, கூர்மையான சத்தமான ட்ரெபிளை மட்டும் மயிரிழை மயிரிழையாக ஏற்றுவார். தீர்ப்பு மட்டும் அவர் மனைவியான என் அக்காவுடையது. தரையில் இருக்கும் ஆம்பின் சத்தம், நின்று வாசிப்பவனுக்கு முழங்காலோடு போய்விடுமாம். அதனால் வீட்டில் தையல் வேலை செய்யும் அக்கா, ஆம்புக்கு நேரே முக்காலி போட்டு, பொத்தான் தைத்துக்கொண்டே கேட்பாள். குறைந்தால் "இன்னும்" என்பாள். சரியாகிவிட்டால் பேச்சே கிடையாது, நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். ஒருநாள் ட்ரெபிள் குமிழில், ஆறாம் எண்ணுக்கு நேராக, நகப்பூச்சால் சிவப்புப் புள்ளியே வைத்துவிட்டாள். அத்தானுக்கு அதுதான் சட்டம்.

இருபது வருடம் அந்தப் புள்ளியை யாரும் மீறவில்லை. அப்புறம் ஒரு வருடம் அக்காவுக்கு ஆறு போதவில்லை. மழுங்கலாக இருக்கிறது என்றாள். ஏழானது, ஒன்பதானது. கூடத்தில் முன்வரிசைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஒருவர் காதையே பொத்திக்கொண்டார். அடுத்த வாரமும் இப்படியென்றால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனால் கச்சேரியே இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே டிப்போவுக்குப் போய்விட்டேன்.

"ஏன் அத்தான், எல்லார் காதையும் இப்படிக் கிழிக்கறீங்க? பேசாம ஆறுக்குக் கொண்டாங்க."

அவர் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆறுல வச்சா உங்க அக்காவுக்குக் கேக்கல மச்சான். காலிங் பெல்லும் கேக்கல. அவகிட்ட சொல்லிடாத."

போன மாதம்தான், மணியடித்து மணியடித்துக் கை வலிக்கிறது, கதவு திறக்க இவ்வளவு நேரமா என்று அக்காவிடம் எரிந்து விழுந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அத்தான் அக்காவையும் முக்காலியையும் கூட்டிக்கொண்டு வந்தார். தைக்க நல்ல வெளிச்சம் என்று சொல்லி மேடை ஓரத்தில் உட்கார வைத்தார். ஆம்பைக் கூடத்துக்குக் காட்டாமல் அக்கா பக்கமாகத் திருப்பினார். ட்ரெபிள் பத்து. அந்தக் கூர்மையான சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி, நேரே இருப்பவரைத்தான் குத்தும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஏதோ தவறு என்று நினைத்து ஆம்பைத் திருப்ப வந்த கூடத்துக் காவலாளியைக் கையமர்த்தினார்.

முதல் பாட்டு தொடங்கியது. சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம் கூடத்துக்குப் பதமாகப் போய்ச் சேர்ந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பரிசோதகர் தலையாட்டிக்கொண்டே வாசித்தார். நான் அவர்களையெல்லாம் பார்க்கவில்லை, தாளம் தப்பினாலும் பரவாயில்லை என்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி பாதியில் நின்றிருந்தது. இரண்டாவது அடியில் அவள் தலை குனிந்து, நூலைக் கடித்து அறுத்தாள்.