கயல்விழிக்கும் கயல்விழிக்கும் தகராறு

பெரம்பலூரில் காலேஜ் படிக்கும் என் அக்கா மகள் கயல்விழி மீது இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு புகார் போனது. பிரின்சிபால் கார்டியனைக் கூப்பிட்டார். அவள் அப்பா குன்னத்தில் மக்காச்சோள அறுவடையில் மாட்டிக்கொண்டதால் நான் போனேன்.

"புகார் குடுத்தது யாரு சார்?" என்றேன்.

"கயல்விழி."

"யார் மேல?"

"கயல்விழி மேல."

விளக்குகிறேன்.

கயல் பி.எஸ்சி. ஜியாலஜி. சேர்ந்த நாளிலிருந்து முதல் மார்க். கேன்டீன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. எம்.எஸ்சி.க்கு ஒரு பெரிய யுனிவர்சிட்டி மேல் ஆசை. அங்கே படிக்கும் சீனியர் ஒருத்தி போனில் குண்டைப் போட்டாள் — "மார்க் மட்டும் பத்தாதுடி. காலேஜ்ல வேற என்ன பண்ணினேன்னு இன்டர்வியூவுல கேப்பாங்க."

வேறு என்ன பண்ணினாள்? யோசித்துப் பார்த்தால்... படித்தாள்.

மறுநாளே களத்தில் இறங்கினாள். ஜியாலஜி கிளப்புக்குச் செயலாளர் இல்லை, ஆனாள். நுண்கலை மன்றத்தைச் சீண்ட ஆளில்லை; அதற்கும் ஆனாள். யோகா, சுற்றுச்சூழல் என்று எல்லாவற்றையும் "நீயே பாத்துக்கம்மா" என்று அன்போடு தலையில் கட்டினார்கள். ரத்ததான மன்றத் தலைவியான பிறகுதான், ரத்தம் கொடுக்கவே அவளுக்கு எடை போதாது என்று தெரிந்தது!

இதற்கிடையில் ஒரே நாளில், ஒரே ஹாலில், ஜியாலஜி கிளப்பின் ஃபாசில், அதாவது புதைபடிவக் கண்காட்சி. நுண்கலை மன்றத்தின் டான்ஸ் ரிகர்சல். "பிரச்சினைன்னா எழுத்துல குடுங்க" என்றது ஆபீஸ். நேர்மையான பெண். ஜியாலஜி செயலாளராக, நுண்கலைச் செயலாளர் மீது எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு தரப்பையும் விசாரிக்கணும்ல சார், அதான் ரூல்" என்றார் பிரின்சிபால்.

கயல் இடது நாற்காலியில் உட்கார்ந்து குறையைச் சொன்னாள். எழுந்து வலது நாற்காலிக்குப் போய் மறுத்தாள். கொஞ்சம் காரமாகவே மறுத்தாள்.

"நீங்க எந்தத் தரப்பு?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டும் நம்ம பொண்ணுதான் சார்."

"அப்ப ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசி, சமாதானமா போகச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். கயல் சிரிக்கவில்லை. குன்னம் பஸ் வந்து, கிளம்பியும் போய்விட்டது. அவள் ஏறவில்லை. கண் கலங்கியிருந்தது.

"இன்டர்னல்ல மார்க் எறங்கிடுச்சு மாமா. மார்க்கும் இல்லாம, உருப்படியா ஒரு வேலையும் பண்ணாம... அங்க போய் என்னத்த சொல்லுவேன்?"

என்னைக் கேட்டால்? நான் இன்டர்வியூ இல்லாத வேலையில் இருப்பவன்.

அவளே முடிவெடுத்தாள். ஜியாலஜி கிளப்பைத் தவிர மற்ற எல்லாப் பொறுப்பையும் விட்டாள். விட்ட இடத்தில் மறுபடி புத்தகத்தைப் பிடித்தாள். மார்க் முழுசாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி திரும்பி வந்தது.

போன மாதம் இன்டர்வியூ. அவள் பயந்த கேள்வியே வந்ததாம் — "நடுவுல மட்டும் ஏன் மார்க் எறங்கியிருக்கு?"

கயலுக்குப் பொய் வராது. முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் ஒரு மேடம் கேட்டார்: "கடைசியில ஹால் யாருக்குக் கெடச்சுது?"

"யாருக்கும் இல்ல மேடம். அன்னைக்கு அங்க கண் சிகிச்சை முகாம் வச்சுட்டாங்க."

"கண்காட்சி?"

"வராந்தாவுல வச்சேன். முகாமுக்கு வந்தவங்கதான் பாத்தாங்க. ஆனா சொட்டு மருந்து விட்டிருந்ததால ஒண்ணும் தெரியல. அதனால எல்லாரையும் தடவிப் பாக்கச் சொன்னேன். கல்லாப் போன சுருள் சங்க, ஒரு அம்மா முறுக்குன்னு வாயில வச்சுட்டாங்க. 'இது நம்ம அரியலூர் பக்கம் கடலா இருந்தப்ப வாழ்ந்த உசுரு'ன்னு சொன்னதும், அத மடியில வச்சுக்கிட்டு கீழ வைக்கவே இல்ல மேடம்."

அதன்பிறகு பேச்சு முழுக்க அந்தச் சங்கைப் பற்றித்தானாம். எந்த ஓடை, எந்த மண் அடுக்கு, எப்படி எடுத்தாய்... அத்தனைக்கும் கயலிடம் பதில் இருந்தது.

போன வாரம் சீட் கிடைத்துவிட்டது.

மார்க் நம்மை வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே உட்கார்ந்து பேச, நமக்கு ஏதாவது நடந்திருக்க வேண்டுமே!