ஏழு மணிக்கு வரும் ரயீஸா

இத்தாலியில், பொலோனியா நகரத்தில் பதினோரு வருஷம் மூன்று கிழவிகளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ஒவ்வொருத்தியாக நல்லபடி அனுப்பியும் வைத்துவிட்டு, ரயீஸா மால்டோவாவிலிருக்கும் தன் கிராமத்துக்கு ஒரேயடியாகத் திரும்பினாள். பேருந்து நிற்குமிடத்துக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான் புருஷன் அனதோல். பயணம் சௌகரியமா என்று விசாரித்தான். வீடு வரும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. வந்ததும் புதுத் துண்டு ஒன்றை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டினான், விருந்தாளிக்கு நீட்டுவதுபோல.

இதே அனதோல்தான் பதினோரு வருஷமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தொலைபேசியில் அவளை உருக்கியவன். கோழி அடைகாப்பதிலிருந்து தன் பல்வலிவரை சொல்லுவான். கெட்ட கனவு கண்டால் அதையும். வாய்க்கு வாய் ‘என் புறாவே’. ஊரில் பாதிப் பெண்கள் இத்தாலியில் இருந்தார்கள். அவர்களுடைய புருஷன்மார்களில் பலர் குடத்து ஒயினோடு குடித்தனம் நடத்தினார்கள். அனதோல் மட்டும் ஏழு மணிக்குக் குளித்துத் தலைவாரிக் காத்திருந்தான். அவளுக்கு இது பெரிய பெருமை.

இப்போது எதிரே உட்கார்ந்து மமலீகா என்கிற மக்காச்சோளக் களியைத் தின்கிறான். நன்றாயிருக்கிறது என்கிறான். அவ்வளவுதான். மணி ஏழானதும் தொலைபேசியைச் சட்டைக்கையால் துடைத்து மேஜைமேல் வைக்கிறான்.

ஐந்து வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டு ஜினாயிதாவிடம் புலம்பினாள்.

“வேற எவளாவது இருக்காளோடி?” என்றாள் ஜினாயிதா.

“இருக்கா. பொலோனியாவுல. நான்தான்.”

“அடப்பாவமே. முடியப் புடிச்சு இழுக்கக்கூட வழியில்லியே.”

அன்று ஏழு மணிக்கு ரயீஸா திராட்சைப் பந்தலுக்குப் பின்னால் நின்று அவனை அழைத்தாள். விளையாட்டுக்குத்தான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“என் புறாவே, எங்கடி போயிட்ட இத்தனை நாளா?”

சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. நாற்பது நிமிஷம் பேசினான். முதுகுவலி, ஓநாய் துரத்திய கனவு, அவள் குரலில்லாமல் சாப்பாடு இறங்காதது எல்லாம் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“வீட்டுல ஒருத்தி வந்திருக்கா. நல்லவதான். பாத்திரத்தையெல்லாம் இடம் மாத்தி வைக்கிறா. அவகிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல.”

“இதையே அவகிட்ட சொல்லேன்.”

“உங்கிட்ட சொல்ற மாதிரி வருமா?”

அவனுக்குப் புத்தி பிசகவில்லை. உள்ளே வந்தவளிடம், வெளியே ஈரமா என்று கேட்டு, அவளுடைய செருப்பை அடுப்போரம் காயவைத்தான். பேசியது யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

ரயீஸா மறுநாள் வீம்புக்கு அழைக்கவில்லை. அவன் கரண்டியைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

“அனதோல், நான் இங்கதான் இருக்கேன்.”

“தெரியும்,” என்றான். கையை விலக்கவில்லை. வேறு யாருடைய தொப்பியையோ பத்திரமாக வைத்திருப்பதுபோல அவள் கையை வைத்திருந்தான். கண் தொலைபேசிமேல் இருந்தது.

இதற்கெல்லாம் படித்தவர்கள் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். பெயரை வைத்துக்கொண்டு ரயீஸா களி கிண்டவா முடியும்? அவளுக்கும் ஒன்று உறைத்தது, அதுதான் தாளவில்லை. களியை மென்றபடி எதிரே இருக்கிற இந்த நரைத்த ஆளிடம் அவளுக்கும் பேச ஒன்றுமில்லை. கிழவிகளின் மூத்திரத் துணிகளுக்கு நடுவே அவள் பிடித்துக்கொண்டு கிடந்ததும் அந்தக் குரலைத்தான்.

பேசாமல் இத்தாலிக்கே போய்விடு, மகாராணிபோல் வைத்திருப்பான் என்றாள் ஜினாயிதா. வண்டியில் இடம்கூடக் கேட்டுவைத்தாள். ரயீஸா போகவில்லை. பதினோரு வருஷம் எண்ணி எண்ணித் திரும்பிய வீடு. அதைவிட்டு இன்னொரு தரம் கிளம்ப அவளிடம் தெம்பில்லை.

டிசம்பரில் பந்தல் மொட்டையாகிவிட்டது. விறகுக் கொட்டகையின் தாழ்வாரத்தில் நின்றுதான் இப்போது அழைக்கிறாள்.

“அங்க குளிரா?” என்றான்.

“இங்க அவ்வளவா இல்ல,” என்றாள், தோளில் விழுந்த பனியைத் தட்டிக்கொண்டே. “நீ அடுப்புக்கு விறகு போட்டியா?”

போட்டதாகச் சொன்னான். ஜன்னலில் அவன் தெரிந்தான். அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் முதுகை ஒரு கையால் தடவிக்கொண்டிருந்தான்.

“எப்ப வர்ற, புறாவே?”

“ஈஸ்டருக்குள்ள வந்துடறேன்,” என்றாள்.