செத்த நேரம் நிழல்

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், கூலியாட்களை வேலை வாங்கும் ரைட்டராக இருந்தேன். சித்திரை வெயிலில் மலையே கானலாய் மிதந்தது. அங்கங்கே இடிமழை வரும் என்று காலையில் டிரான்சிஸ்டர் சொன்னதை நான் நம்பவில்லை.

"தலை சுத்துதுங்க, செத்த நேரம் நிழல்ல உக்காந்துக்கட்டுங்களா?" என்று களை கொத்திக்கொண்டிருந்த பாப்பாத்தி கேட்டாள். "வேலையைப் பாரு" என்று விரட்டினேன்.

மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் ஷெட்டுக்கு ஓட, நான் சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கினேன். பாப்பாத்தி திரும்பி ஓடிவந்தாள்.

"மரத்தடி வேண்டாமுங்க, வாங்க!"

கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ஷெட்டை எட்டியதும் உலகமே வெளுத்து, சத்தமின்றி நின்றது. பிறகுதான் இடி. அந்த மரம் இரண்டாகப் பிளந்து புகைந்தது.

மூச்சு வாங்கியபடி அவள் கேட்டாள்: "இப்ப உக்காந்துக்கட்டுங்களா?"

அந்த மழைக்கு எட்டாம் நாள் காப்பிக் காடெல்லாம் வெள்ளையாய்ப் பூத்தது. இன்றும் அந்த வாசம் வந்தால், யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று சுற்றிப் பார்க்கிறேன்.