கந்தசாமி மாஸ்டரின் பீரங்கி

கந்தசாமி மாஸ்டர் தவறிவிட்டார் என்று கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, ஒரு சாம்பிள் பனியனை அளந்துகொண்டிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மிச்ச அளவுகளை எழுதி முடித்துவிட்டுத்தான் டேப்பைக் கீழே வைத்தேன். பாதியில் விட்டிருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

நெருப்பெரிச்சல் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பனியனுக்கு அட்டையில் பேட்டர்ன் வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கை நடுக்கம் வந்ததும் கத்தரியை வாங்கிக்கொண்டு செக்கிங் மேசைக்கு அனுப்பினார்கள். ஆர்டர் பிடிக்கும் மெர்ச்சண்டைசர் என்று வாய் கிழியப் பேசும் நான் அன்று வாயைத் திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அதே மாதம் வெளிநாட்டிலிருக்கும் மகள் அவருக்கு, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் ஒரு மாடல் கிட் அனுப்பினாள். உலகப் போர்க்காலத்து விமான எதிர்ப்புப் பீரங்கி, ஒரு சாண் நீளம். அவருடைய அப்பா பர்மா போர்முனையில் சுட்டது அந்த வகைதானாம். பிரித்தால், பீரங்கி உட்காரும் அடித்தட்டு கூரியரில் நொறுங்கிக் கிடந்தது. "நானே வெட்டிக்கிறேன் அம்மிணி. இதை வெட்டிட்டன்னா, என் கை இன்னும் என் கைதான்" என்றார். கோவையில் நடக்கும் மாடல் கண்காட்சிக்குப் பெயரும் கொடுத்துவிட்டார்.

பேட்டர்ன் அட்டை நகராமலிருக்க மேலே வைக்கும் இரும்புக் கட்டியை, துணிப் பட்டையால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். கனம் ஏறியதும் நடுக்கம் அடங்கியது. மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் பிளாஸ்டிக் தகட்டை மயிரிழை பிசகாமல் வெட்டினார். பொருத்திப் பார்த்தால் நாலு பக்கமும் பிதுங்கி நின்றது. பனியன் துணி துவைத்தால் சுருங்குமே என்று பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுவோமல்லவா? பழக்க தோஷத்தில் பிளாஸ்டிக்குக்கும் சுருக்கம் சேர்த்துவிட்டிருந்தார். "துவைச்சா சரியாப் போயிருமுங்க மாஸ்டர்" என்றேன். கட்டிங் செக்‌ஷனே சிரித்தது. அவரும் சிரித்தார். "கை தப்புப் பண்ணல அம்மிணி, கணக்குத்தான் தப்பு" என்றவர், அப்போதே அடுத்த தகட்டை எடுத்தார்.

கண்காட்சிக்கு நான்தான் காரோட்டிப் போனேன். நடுவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இதுல நீங்களாச் செஞ்சது எதுங்க?" மாஸ்டர் நடுங்கும் விரலால் அடித்தட்டைக் காட்டினார். நடுவர் தட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், எழுந்து நின்று கைகொடுத்தார். முதல் பரிசு! அரங்கம் அதிர விசிலடித்தேன், எனக்கு வெட்கமே இல்லை.

திங்கட்கிழமை காலை அவர் யாரிடமும் கேட்கவில்லை. மணிக்கட்டில் இரும்பைக் கட்டிக்கொண்டு நேராகப் போய்க் கத்தரியை எடுத்தார். மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். "சார், மாஸ்டர் வெட்டட்டுமுங்க." கடைசி வாரம் வரை கத்தரி அவரிடமேதான் இருந்தது.

பரிசு வாங்கிய பீரங்கி அவர் வீட்டில் இருக்கிறது. பெரிதாகிப்போன முதல் அடித்தட்டை நான் கேட்டு வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன். நேற்று, புதிதாகச் சேர்ந்த பெண் அதை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மெஷின் கட்டிங்குங்களா அக்கா?"

"இல்ல கண்ணு. கந்தசாமி மாஸ்டர் கை."