தன்லியின் மேட்டுத் தெருவில் இரண்டு கட்டடங்கள்

தன்லியின் என்ற பர்மிய ஊருக்குப் போகும் பாலத்தின் நடுவே பஸ் நெரிசலில் நின்றிருந்தபோதுதான் என் தவறு கண்ணில் பட்டது. மடியில் விரித்திருந்த வரைபடத்தில் மேட்டுத் தெருவின் இரண்டு பழைய கட்டடங்களுக்கு எண்களை மாற்றிப் போட்டிருந்தேன். இடிக்க வேண்டியது கூரை விழுந்து பாழாய்க் கிடந்த சுங்கக் கிடங்கு. நான் கொடுத்திருந்த தாளின்படி இடிபடப்போவது அதை ஒட்டியிருந்த வீடு. வேலை அன்று காலையில்தான் தொடங்குவதாக இருந்தது.

இடிக்கும் குத்தகையை எடுத்திருந்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். எங்களுக்குள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. நான் பழைய கட்டடங்களை அளந்து பட்டியல் போடுகிறவன். அவர் அவற்றை உடைத்துத் தேக்கு உத்தரங்களை விற்கிறவர். தாமுவேயில் மாமியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், நான் காப்பாற்றச் சொல்லும் சுவர்களை ஒவ்வொன்றாகக் கேலி செய்வார். பர்மியத் தாய்க்குப் பிறந்தவர். கேலி பர்மியத்தில் தொடங்கித் தமிழில் முடியும்.

நான்கு தடவை கூப்பிட்டேன். அவர் போனை எடுக்கவில்லை.

தன்லியின் ஒரு சின்ன ஊர்தான். ஆற்றங்கரையிலிருந்து நிலம் மெல்ல ஏறி நீண்ட மேடாகிறது. உச்சியில் பகோடா, கீழே கடைத்தெரு. கப்பல்கள் வந்து நின்ற காலத்தில், வெள்ளம் எட்டாத சரிவாகப் பார்த்து வணிகர்கள் செங்கல்லில் கட்டியவை அந்த இரண்டு கட்டடங்களும். வீட்டின் மாடியில் ஊரார் சயாமா என்று மரியாதையாக அழைக்கும் மருத்துவச்சி குடியிருந்தார். பிரசவம் நெருங்கிய ஏழைப் பெண்கள் அங்கேயே வந்து தங்குவார்கள். அளக்கப் போன நாளில், அவர்கள் தூங்குகிறார்கள் என்று என்னைச் செருப்பைக் கழற்றிவிட்டு மரப்படிகளில் மெதுவாக நடக்கச் சொன்னவர் அவர். பஸ்ஸில் அந்த மரப்படிகளின் நினைவாகவே இருந்தது.

கடைத்தெருவில் இறங்கி மேட்டில் ஓடினேன். சம்மட்டிச் சத்தம் கேட்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டதோ என்று இன்னும் வேகமாக ஓடினேன். திருப்பத்தில் முதலில் தெரிந்தது மாடிக் கைப்பிடியில் காய்ந்துகொண்டிருந்த லுங்கிகள். பிறகு சுவர், பிறகு முழு வீடு. வாசற்படியில் மச்சான் உட்கார்ந்து சயாமா கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் நிழலில் படுத்திருந்தார்கள்.

"ஆளில்லாத கட்டடம்னு எழுதியிருந்தீங்க, மாப்பிள்ளை. உள்ள போனா அடுப்புல சோறு கொதிக்குது," என்றார் நிமிராமல்.

எந்தக் கட்டடமானாலும் கை வைக்கும் முன் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிடுவது அவர் வழக்கமாம். இத்தனை வருடத்தில் அது எனக்குத் தெரியாது. சயாமாவிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர், மாடியில் முந்தின நாள் பிறந்த குழந்தை இருக்கிறது, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள் என்று மட்டும் சொன்னார். மச்சானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

கிடங்கு இப்போது இல்லை. அது இருந்த இடத்தின் வழியே தெருவிலிருந்து ஆறு தெரிகிறது. பக்கத்து வீட்டுக்குள்ளும் காற்று வருகிறது என்று சயாமாவுக்குச் சந்தோஷம். மாமியார் வீட்டில் மச்சான் இன்றும் என் சுவர்களைக் கேலி செய்கிறார், நானும் பதிலுக்குச் சண்டை போடுகிறேன். அந்த ஒரு காலையைப் பற்றி மட்டும் அவர் இதுவரை தன் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.